மாடல் மேசை: மெதுவாகச் சுற்றும் ட்ரில் எது?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அம்மா, வணக்கம். ஐந்து வருடமாக 1/72 அளவில் பிளாஸ்டிக் மாதிரி விமானங்களும் 1/35 அளவில் டாங்கிகளும் செய்துவருகிறேன். துளை போட இதுவரை கையால் சுழற்றும் பின் வைஸ்தான். இப்போது செய்யும் டயோராமாவில் (மாடல்களை வைக்கும் காட்சி அமைப்பில்) ஒரு பாலம் வருகிறது. அதன் கைப்பிடிக் கம்பிகளுக்காக 1 மி.மீ. அளவில் 120 துளைகள் போட வேண்டும். முப்பதைத் தாண்டுவதற்குள் விரல் நுனி மரத்துப் போகிறது. அதனால் ஒரு ரோட்டரி டூல் வாங்கினேன். அதன் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 8,000 சுற்று. முதல் துளையிலேயே பிளாஸ்டிக் உருகி, துளைக்கும் கம்பியான பிட்டில் ஒட்டிக்கொண்டது. 3,000 ரூபாய்க்குள் மெதுவாகச் சுற்றும் ட்ரில் எது வாங்கலாம்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, நீங்கள் வாங்கியது மோசமான கருவி இல்லை. அது வேறு வேலைக்கான கருவி. அறுக்க, தேய்க்க, பாலிஷ் போட வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் துளை போட மட்டும் அதைத் தொட வேண்டாம்.

நான் மதுரையில் ஒரு டெண்டல் லேபில் 31 வருடம் பல் செட் செய்தவள். அக்ரிலிக்கைக் குடைவதும் தேய்ப்பதும்தான் காலையிலிருந்து மாலை வரை வேலை. எங்கள் மேசையில் இருந்த மைக்ரோமோட்டார் 35,000 சுற்று வரை போகும். முதல் மாடல் வாங்கியபோது எனக்கு 42 வயது. மிக்-21 விமானம், 1/72. இறக்கைக்கு அடியில் பைலான் (குண்டு தொங்கும் தாங்கி) மாட்ட 1 மி.மீ. துளை இரண்டு போட வேண்டும். கைக்குப் பழகிய கருவி இருக்கிறதே என்று லேப் மோட்டாரையே எடுத்தேன். வேகம் கூடினால் அக்ரிலிக் கருகும் என்பது தெரியும். அதனால் குமிழைக் கால்வாசிதான் திருப்பினேன். ஒரு நொடி பிட் இறங்கியது. அடுத்த நொடி பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கை மொத்தத்தையும் சுழற்றி என் விரலில் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 1 மி.மீ. துளை கிட்டத்தட்ட 2 மி.மீ. ஆகியிருந்தது. சுற்றிலும் வரப்பு கட்டியது போல உருகிய விளிம்பு. பிட்டின் பள்ளம் முழுக்கச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இறுகிக் கிடந்தது. புட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மாலை ஆயிற்று. உங்கள் முதல் துளை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரிகிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கடையில் என்ன கேட்பது என்பது தானாக வந்துவிடும். நம் கிட்டுகள், அதாவது பாகம் பாகமாக வரும் மாடல்கள், பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். 100 டிகிரியை நெருங்கும்போதே அது இளகிவிடும். வளைந்துபோன பாகத்தைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்துகிறோமே, அதே குணம்தான். இன்னொன்று, இந்தப் பிளாஸ்டிக்கில் சூடு பரவாது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. அலுமினியத்தில் துளை போட்டால் பிறக்கும் சூடு தகடு முழுக்க ஓடிப் பரவிவிடும். பாலிஸ்டைரீனில் அது துளையின் சுவரிலேயே தங்கிவிடும்.

அந்தச் சூடு உரசலில் பிறக்கிறது. உரசல் எவ்வளவு என்று நாமே கணக்குப் போடலாம். 1 மி.மீ. பிட்டின் சுற்றளவு 3.14 மி.மீ. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் 31 மீட்டர் நீளத்துக்குப் பிளாஸ்டிக்கை உரசுகிறது. 300 சுற்று என்றால் வெறும் 94 சென்டிமீட்டர். பிட் பெரிதாகப் பெரிதாக இது கூடும். 3 மி.மீ. பிட் அதே 300 சுற்றில் 2.8 மீட்டர் உரசும். ஆகவே பெரிய துளைக்கு வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய பிட் போட்டால் வேகத்தையும் கூட்டிவிடுகிறார்கள்.

பல் மருத்துவத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். பல்லைக் குடையும் காற்று டர்பைன் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் போகும். ஆனால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் வேலை செய்யும். அதே நாற்காலியில் வேர் சிகிச்சை செய்யும்போது ஊசி போன்ற ஃபைலை 300 சுற்று அளவில்தான் ஓட்டுவார்கள். அதற்கென்று வேகத்தைக் குறைத்துத் திருகு விசையைக் கூட்டும் கியர் தலை தனியாக இருக்கும். அந்தக் கியர் தலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மாடல் வேலைக்கான வழியும் பிடிபட்டது.

சரி, கடைக்கு வருவோம். ட்ரில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதிகபட்ச வேகம். நமக்கு அது வேண்டாம். "இதன் மிகக் குறைந்த வேகம் என்ன? அந்த வேகம் கியரால் வருகிறதா, குமிழைத் திருப்பி வருகிறதா?" இந்த இரண்டு கேள்விதான். பேர்பெற்ற ரோட்டரி டூல்கள்கூட இங்கே தேறுவதில்லை. டிரெமல் 3000 தொடங்குவதே 10,000 சுற்றில். டிரெமல் 4000, ஜெர்மனியின் பிராக்ஸான் மைக்ரோமோட் 50/இ இரண்டும் 5,000 சுற்றில். எல்லாம் நல்ல கருவிகள்தான், நம்முடைய துளைக்கு ஆகாது. சுவரில் துளை போடும் பேட்டரி ட்ரில்கள் 400 சுற்றுக்குள் ஓடும், கியரும் உண்டு. ஆனால் ஒரு கிலோ எடையைக் கையில் பிடித்துக்கொண்டு 1 மி.மீ. பிட்டை நேராக நிறுத்த முடியாது. என்னிடம் ஒன்று இருக்கிறது, திரைச்சீலை மாட்டத்தான் எடுக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது மின் ஸ்க்ரூடிரைவர். ஆமாம், திருகு முடுக்கும் கருவிதான். திருகு முடுக்க வேகம் தேவையில்லை, விசை வேண்டும். அதனால் உள்ளே கியர் வைத்தே செய்கிறார்கள். செல்போன் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் பேனா வடிவ ஸ்க்ரூடிரைவர் 100, 200 சுற்று அளவில் ஓடும். அதன் வாயில் 4 மி.மீ. அறுகோணத் துளை இருக்கும். அதே அளவு அறுகோணத் தண்டு வைத்த சின்னச் சக் தனியாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் மெல்லிய பிட்டைப் பிடித்துக்கொள்ளும். 2 மி.மீ. துளை வரைக்கும் இது போதும். 3 மி.மீ. வேலையும் நிறைய இருந்தால் கைக்கு அடங்கும் 3.6 வோல்ட் ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். பாஷ் கோ போன்றவை 360 சுற்றில் ஓடும். இவற்றின் வாய் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குல அறுகோணம். சக் வாங்கும்போது இந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் ஒரே சக் பொருந்தாது. உங்கள் 120 துளையும் 1 மி.மீ. என்பதால் பேனா வடிவமே போதும். சக்கோடு சேர்த்து உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பட்டனை விட்டதும் உடனே நிற்க வேண்டும். சில வகைகளில் முனையை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். அவை நமக்குச் சரிப்படாது, மெல்லிய பிளாஸ்டிக்கை அழுத்தியே உடைத்துவிடுவோம். இரண்டு, எதிர்ப்பக்கம் சுழலும் வசதி இருக்க வேண்டும். பிட் சிக்கிக்கொண்டால் இழுக்காமல் பின்னோக்கிச் சுழற்றி வெளியே எடுக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், ஆட்டம். 1 மி.மீ. பிட்டை மாட்டி, வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்து ஓட விடுங்கள். பிட்டின் நுனி ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் நல்லது. விசிறி போல அகலமாகத் தெரிந்தால் சக் ஆடுகிறது என்று அர்த்தம். அந்த ஆட்டம் துளையைப் பெரிதாக்கும், மெல்லிய பிட்டை முறிக்கும். பேனா வடிவத்தில் அறுகோணத் தண்டு வாய்க்குள் லேசாக லொடலொடப்பது உண்டு. தண்டைச் சுற்றி மெல்லிய டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிப் பாருங்கள், என்னுடையதில் பாதி ஆட்டம் போய்விட்டது.

கருவி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், துளை போடும் விதமும் இருக்கிறது. மார்க் செய்த இடத்தில் ஊசி முனையால் அழுத்திச் சின்னக் குழி வையுங்கள். குழி இல்லாவிட்டால் வளைந்த பரப்பில் பிட் வழுக்கிக் கோடு போட்டுவிடும். புது பிட் எடுங்கள். மழுங்கிய பிட் வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் மெதுவான வேகத்திலும் சூடுதான். இரண்டு நொடி இறக்கி, வெளியே எடுத்து, சுருளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். பிட்டை அவ்வப்போது பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் தொட்டுக்கொள்ளலாம். பேட்டரிக் கருவிக்கு மட்டும்தான் இது, கரண்டில் ஓடும் கருவியின் பக்கத்தில் தண்ணீரே வேண்டாம். சரியாக வெட்டுகிறதா என்பதைச் சுருளே சொல்லிவிடும். தேங்காய்த் துருவல் போல நீளமாக, உலர்ந்து, சுருண்டு வந்தால் சரி. பிட்டில் மணி மணியாக ஒட்டினால் வேகம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது. மூக்கில் காரமான இனிப்பு வாசனை ஏறினால் உடனே நிறுத்துங்கள், அது பிளாஸ்டிக் சூடாகும் வாசனை.

120 துளையையும் தனித்தனியாக அளந்து மார்க் செய்யாதீர்கள். அரை மி.மீ. பித்தளைப் பட்டையில் இரண்டே இரண்டு 1 மி.மீ. துளையைச் சரியான இடைவெளியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் கம்பியைச் செருகி ஏற்கெனவே போட்ட துளையில் நிறுத்தினால், மற்றது அடுத்த துளைக்கு வழிகாட்டும். பட்டையை நகர்த்தி நகர்த்திப் பாலத்தின் மறுமுனை வரை போய்விடலாம். பத்துத் துளைக்கு ஒரு முறை ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். சிறு பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 0.8 மி.மீ.க்குக் கீழே எந்த மின் ட்ரில்லும் வேண்டாம், கைதான். இயந்திரத் துப்பாக்கியின் வாய், இரட்டை இறக்கை விமானத்தின் நூல் துளைகள், இவையெல்லாம் 0.3, 0.4, 0.5 மி.மீ. வேலைகள். அந்த பிட் முறிவதற்கு ஒரு கணம் முன்னால் விரலுக்கு ஓர் இறுக்கம் தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது. டாமியாவின் ஃபைன் பின் வைஸ் டி, 0.1 முதல் 3.2 மி.மீ. வரை பிடிக்கும். என் மேசையில் அதிகம் தேய்ந்திருப்பது அதுதான். உங்கள் பழைய பின் வைஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். புது ட்ரில் வாங்கப் பணமில்லை. வீட்டில் உள்ள ரோட்டரி டூலை ஃபேன் ரெகுலேட்டரில் இணைத்து வேகத்தைக் குறைக்கலாமா? அல்லது பழைய 12 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ரெகுலேட்டர் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். அந்த டூலுக்குள் ஏற்கெனவே ஒரு வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இருக்கிறது. வெளியே இன்னொன்றைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் குட்டி விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும், மோட்டார் உள்ளேயே வெந்துவிடும்.

12 வோல்ட் மோட்டாருக்கு 3 வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும், அது உண்மை. ஆனால் சும்மா சுற்றுவதும் துளை போடுவதும் வேறு வேறு. டிசி மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது, திருகு விசை கரண்டைப் பொறுத்தது. வோல்டேஜைக் குறைக்கும்போது அது இழுக்கக்கூடிய கரண்டும் குறைகிறது. பிட் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் நின்றுவிடும். நீங்கள் குமிழைக் கூட்டுவீர்கள், சட்டென்று சீறிக்கொண்டு ஓடும், உருக்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிதானமாக ஓடும் இடமே கிடைக்காது. கியர் வைத்தால் கதை மாறும். 50-க்கு 1 கியர் என்றால் வேகம் ஐம்பதில் ஒன்றாகும். கியரின் உரசலில் போவது போக, விசை பல மடங்கு ஏறும்.

நீங்கள் படிப்பது பாலிடெக்னிக். நீங்களே ஒன்று செய்துவிடலாம், நான் செய்திருக்கிறேன். என்-20 என்ற குட்டிக் கியர் மோட்டார் கேளுங்கள், 12 வோல்ட், 300 சுற்று. மாணவர்கள் ரோபோ செய்ய வாங்குவது. நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன், ஆன்லைனிலும் கிடைக்கிறது. அதன் உடல் 12 மி.மீ.க்கு 10 மி.மீ., கட்டை விரலைவிட மெலிது. மின் வயர் போகும் 20 மி.மீ. பிவிசி பைப்பை ஒரு ஜாண் வெட்டி, மோட்டாரைச் சுற்றி அட்டை வைத்து இறுக்கமாகச் செருகினால் கைப்பிடி தயார். 9 வோல்ட் பேட்டரி போட்டால் வேகம் 225 சுற்று அளவுக்கு இறங்கும், அதுவே 1.5 மி.மீ. பிட்டுக்கு நன்றாக இருக்கிறது. அழுத்தும்போது மட்டும் ஓடும் புஷ் பட்டன் வையுங்கள். முன்னும் பின்னும் சுழல ஆறு கால் ஸ்லைடு சுவிட்ச் ஒன்று. அவ்வளவுதான் வயரிங்.

சிரமம் வருவது தண்டில். என்-20இன் தண்டு 3 மி.மீ., ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பித்தளைச் சக்கின் பக்கவாட்டுத் திருகை அந்தத் தட்டையில் முடுக்கினால், சக் மறுபக்கம் தள்ளப்பட்டு மையம் விலகிவிடும். நான் முதலில் செய்தது அப்படித்தான் ஆடியது. சரியாக 3 மி.மீ. உள்விட்டம் உள்ள சக்கைத் தேடி வாங்குங்கள், கொஞ்சமும் தளர்வாக இருக்கக் கூடாது. திருகை ஒரேயடியாக முடுக்காமல், கையால் சுழற்றி நுனியைப் பார்த்துப் பார்த்து முடுக்குங்கள். தேவைப்பட்டால் தட்டைப் பகுதியில் மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றை வைக்கலாம். இந்த ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

கேள்வி: டாங்கியின் கோபுரத்தைக் கழற்றி மாட்ட 3 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் உள்ள காந்தம் பதிக்கிறேன். 3 மி.மீ. பிட் போட்டால் மறுபக்கம் ஓட்டை விழுந்துவிடுகிறது. வேகம்தான் காரணமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேகம் இல்லை, பிட்டின் கூர்முனை. சாதாரண பிட்டின் முனை 118 டிகிரிக் கூம்பு. 3 மி.மீ. பிட்டில் அந்தக் கூம்பின் உயரமே 0.9 மி.மீ. வரும். காந்தம் முழுதாக உட்கார 1 மி.மீ. ஆழம் வேண்டும் என்றால், கூம்பின் நுனி 1.9 மி.மீ. ஆழத்துக்குப் போயிருக்கும். கிட்டின் சுவர் அவ்வளவு தடிமன் இருப்பதில்லை.

இங்கே என் பழைய தொழில் கைகொடுத்தது. பல் வேலைக்கான பர்களில் (குடையும் முனைகளில்) நுனி தட்டையான உருளை வடிவம் உண்டு, தண்டு 2.35 மி.மீ. டெண்டல் பொருட்கள் விற்கும் கடையில் ஒற்றையாகவே கேட்டு வாங்கலாம். பின் வைஸில் மாட்டி, முதலில் 2 மி.மீ. பிட்டால் மேலாக ஒரு குழி எடுத்துவிட்டு, பிறகு இந்தப் பர்ரைக் கையால் சுழற்றி அடியைத் தட்டையாக்கி, ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். இடையிடையே காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தத்தையே குழிக்குள் விட்டுப் பார்த்தால் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, அதனால் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியில் ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பசை போடும் முன் எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள். மாறி ஒட்டிய காந்தத்தை எடுக்க மறுபடி குடைய வேண்டியிருக்கும்.

கேள்வி: 0.5 மி.மீ. பிட் இறக்கைக்குள் முறிந்து நிற்கிறது. எப்படி எடுப்பது?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: எடுக்கவே வேண்டுமா என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தில் கம்பியோ ஆண்டெனாவோதான் வரப்போகிறது என்றால், முறிந்த துண்டே கம்பியாக நிற்கட்டும், ஒரு துளி சூப்பர் க்ளூ போதும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்திலிருந்து ஊசியால் தள்ளுங்கள். முன்பக்கம் குறடு போட்டு இழுத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் பெயர்ந்து வரும். முறிந்தது தடித்த 3.175 மி.மீ. தண்டு வைத்த கார்பைடு பிட் என்றால், இனி அதைக் கையில் பிடித்து வேலை செய்யாதீர்கள். சர்க்யூட் போர்டுக்கு இயந்திரத்தில் வைத்து நேராக இறக்கத்தான் அது செய்யப்பட்டது. பக்கவாட்டில் மயிரிழை சாய்ந்தாலும் ஒடிந்துவிடும். கையில் பிடிக்கும் வேலைக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்தான், கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மாடல் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு மின் ட்ரில் கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: முதல் ஆறு மாதம் பின் வைஸ் மட்டும் கொடுங்கள் அம்மா. துளை எப்படி இறங்குகிறது என்பது விரலுக்குப் பழக வேண்டும். அதற்குப் பிறகு ஆசைப்பட்டால் டாமியா எலக்ட்ரிக் ஹேண்டி டிரில் வாங்கிக் கொடுங்கள். அது பாகம் பாகமாக வரும், அவளே கியரை அடுக்கி, மோட்டாரை வைத்து முடுக்க வேண்டும். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். மெதுவாகச் சுற்றுவது எதனால் என்பதைத் தன் கையாலேயே அடுக்கிப் பார்த்துவிடுவாள் என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். துளை போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடியைப் பின்னிக் கட்டியிருக்கட்டும், கண்ணாடி போட்டிருக்கட்டும், பாகத்தை உள்ளங்கையில் வைத்துத் துளை போடக் கூடாது, கீழே ஒரு மரத்துண்டு இருக்க வேண்டும்.

கேள்வி: மிக்-21 மூக்கில் நீளும் பிட்டாட் குழாயை (பறக்கும் வேகத்தை அளக்க உதவும் குழாய்) ஊசியால் செய்வதாக முன்பு எழுதியிருந்தீர்கள். எந்த அளவு ஊசி, எவ்வளவு துளை?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நம் விமானப்படையில் 1963-இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்றது. அதற்குப் பிறகு நான் மறுபடி ஒன்று செய்ய எடுத்தேன், மேசையில் இப்போது இருப்பது அதுதான். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடியாக இருக்கும், கை பட்டாலே ஒடியும்.

சிரிஞ்சு ஊசிகளில் அளவைப் படிக்கவே வேண்டாம், பிளாஸ்டிக் தலையின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு 0.45 மி.மீ., நீலம் 0.6, கறுப்பு 0.7, பச்சை 0.8, மஞ்சள் 0.9, இளஞ்சிவப்பு 1.2. உலகம் முழுக்க ஒரே நிறக் கணக்கு. மருந்துக் கடையில் சீல் பிரிக்காத புது ஊசி வாங்குங்கள், பயன்படுத்திய ஊசியைத் தொடவே கூடாது. பிட்டாட் குழாயின் பின்பாதிக்கு நீலம். அதன் உள்விட்டம் 0.33 மி.மீ. அளவில் இருக்கும். பல் மருத்துவர்கள் மரத்துப்போக ஊசி போடும் 30 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.3 மி.மீ. அது நீல ஊசிக்குள் சிக்கென்று நுழையும். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால், பின்னால் தடித்து முன்னால் மெலிந்த அசல் குழாயின் வடிவம் வந்துவிடும்.

மூக்கில் 0.6 மி.மீ. துளை, கையால் மட்டும். துளை போடும் முன் மூக்குக் கூம்பின் உள்பக்கத்தை எபாக்ஸி புட்டியால் நிரப்பிக் காயவிடுங்கள். அப்போது ஊசி 6 மி.மீ. ஆழம் வரை நேராக உட்காரும், சுவரை மட்டும் நம்பி நிற்காது. துளை போடும்போது விமானத்தை மூக்கு மேலே பார்த்தபடி ஒரு டம்ளருக்குள் துணி சுற்றி நிறுத்திக்கொண்டால், பின் வைஸ் நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்க்கலாம்.

ஊசியைக் குறடால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். இதற்குத்தான், சேலம் தம்பி, உங்கள் 8,000 சுற்று ரோட்டரி டூல். அதில் மெல்லிய வெட்டுத் தகட்டை மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசியை ஒரு கார்க்கில் குத்தி நிறுத்தி லேசாகத் தொட்டால் இரண்டு நொடியில் சுத்தமாக அறுபடும். கூரான நுனித் துண்டு தெறித்துப் போகும் முன் அதன் மேல் சின்ன மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். வெட்டிய நுனிகளை நான் மூடி உள்ள பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.